ஆயுத பூஜைக்கு முன் ஒரு கணக்கு: கட்டுமான நிறுவனத்தில் மூலதன பட்ஜெட் போடுவது எப்படி?

ஆயுத பூஜை அன்று ஏதாவது ஒரு ஒப்பந்ததாரரின் யார்டுக்குப் போய்ப் பாருங்கள். எல்லா இயந்திரங்களும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிற்கும். எது உழைக்கிற இயந்திரம், எது சும்மா நிற்கிற இயந்திரம் என்று அன்றைக்கு மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வாரம் தெரிந்துவிடும். போட்ட மாலை அங்கேயே வாடிக் காயும்வரை எது அசையவில்லையோ, அதற்கும் நிறுவனம் மாதம் பிறந்தால் தவணை கட்டிக்கொண்டிருக்கும்.

நடுத்தரமான ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், “அடுத்த ஆண்டு என்னென்ன வாங்க வேண்டியிருக்கும், ஒரு பட்டியல் போடுங்கள் தம்பி” என்றார் முதலாளி. ஒவ்வொரு சைட் பொறியாளரிடமும் கேட்டு, விலைப்பட்டியல்களை வாங்கி, அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தேன். அவர் விலையைப் பார்க்கவே இல்லை. முதல் வரியில் விரலை வைத்து, “இது ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூலதன பட்ஜெட் என்பது அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற வேலை என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எது மூலதனம் என்று முதலில் பிரியுங்கள்

பல ஆண்டுகள் உழைக்கப் போகிற பொருளுக்கு இன்று போடுகிற பணம் மூலதனச் செலவு. ஜேசிபி, பொக்லைன், டிப்பர், கான்கிரீட் கலவை நிலையம், டவர் கிரேன், அளவெடுக்கும் டோட்டல் ஸ்டேஷன், யார்டுக்கான நிலம் எல்லாம் இதில் அடங்கும். (பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். அது நம் ஊரில் மண் தோண்டும் எந்திரத்துக்கே பெயராகிவிட்டது. ஜேசிபியின் கதையும் அதுதான்.) டீசல், ஆயில் மாற்றுவது, டயர், வழக்கமான சர்வீஸ் ஆகியவை நடப்புச் செலவு. இதுவரை குழப்பம் இல்லை.

குழப்பம் வருவது சென்ட்ரிங் சாமான்களில். பிளைவுட் பலகை சில தளங்கள் போட்டதும் தேய்ந்துவிடும்; அதை அந்தந்த வேலையின் செலவிலேயே எழுதிவிடலாம். இரும்புத் தகடும் ஜாக்கியும் பல ஆண்டுகள் வரும், அவை மூலதனம். சவுக்குக் கம்பை மூலதனம் என்று எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. எந்தத் தொகைக்கு மேல் போனால் மூலதனம் என்று ஒரு வரம்பை நிறுவனம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அதே சண்டை நடக்கும்.

அடுக்குமாடி கட்டி விற்கிற நிறுவனமாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வீடு கட்டி விற்பதற்காக வாங்கிய மனை அந்த நிறுவனத்துக்குச் சரக்கு. நிலையான சொத்து அல்ல. ஆகவே மூலதன பட்ஜெட்டில் அது வராது. ஆனால் இயந்திரம் வாங்க வைத்திருந்த பணத்தை முதலில் விழுங்குவது அந்த மனைதான். பட்ஜெட்டுக்கு வெளியே இருந்தாலும் கண் அதன் மேல் இருக்கட்டும்.

2. கையில் உள்ள வேலையிலிருந்து தொடங்குங்கள்

என் முதல் பட்டியலில் இருந்த தவறு இதுதான். “என்ன வேண்டும்?” என்று சைட்டில் கேட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு: கையெழுத்தான ஒப்பந்தங்கள் எவை, அவற்றில் மீதமுள்ள மண்வேலை எத்தனை கன மீட்டர், கான்கிரீட் எத்தனை கன மீட்டர், எந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும்? அந்த அளவுகளை இயந்திர மணி நேரமாக மாற்றுங்கள். கிடைக்கும் என்று நம்புகிற டெண்டர்களைத் தனி வரியில் எழுதுங்கள். கிடைத்த வேலையையும் கிடைக்கப்போகிற வேலையையும் ஒன்றாகக் கூட்டினால் எந்த இயந்திரத்துக்கும் வேலை இருப்பதுபோலத்தான் தெரியும்.

அடுத்து நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 2,400 மணி நேரம். இது காகிதக் கணக்கு. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும்போது பொக்லைனும் பக்கத்தில் நிற்கும். தனியார் வீட்டு வேலைகள் ஆடியிலும் மார்கழியிலும் தொடங்குவதில்லை. பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் போவார்கள். தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிட்டால் புதிய அரசு டெண்டர்கள் நின்றுவிடும். நிலம் கையகப்படுத்தி ஒப்படைப்பதில் தாமதம், வரைபடம் வருவதில் தாமதம், பழுது இவற்றையும் கழியுங்கள். எல்லாம் போக 1,400 மணி நேரம் மிஞ்சினால் அதுவே உங்கள் எண். விற்பனைப் பிரதிநிதி 2,400 என்றுதான் காட்டுவார். அவர் மேல் தப்பில்லை, அது அவருடைய வேலை.

3. வாங்குவதா, வாடகையா: ஒரு முழுக் கணக்கு

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜேசிபி ஒன்றின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக 32 லட்சம் ரூபாய். 5 ஆண்டு ஓட்டி 10 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைப்போம். பணத்தின் விலை, அதாவது வட்டியும் நாம் எதிர்பார்க்கிற ஆதாயமும் சேர்த்து, 12 சதவீதம்.

12 சதவீதத்தில், 5 ஆண்டு கழித்து வரப்போகிற 1 ரூபாயின் இன்றைய மதிப்பு 0.567. ஆகவே மறுவிற்பனையில் வரும் 10 லட்சம் இன்றைக்கு 5.67 லட்சம்தான். 32 லட்சத்தில் அதைக் கழித்தால் 26.33 லட்சம். 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1 ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 3.605 ரூபாய். 26.33 லட்சத்தை 5 ஆண்டுகளுக்குச் சமமான ஆண்டுத் தொகையாகப் பிரிக்க, 3.605-ஆல் வகுத்தால் 7.30 லட்சம். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு மூலதனம் கரைகிறது.

ஓட்டுநர் சம்பளமும் பேட்டாவும் ஆண்டுக்கு 3.60 லட்சம். காப்பீடு, யார்டு காவல் போன்றவை 90 ஆயிரம். மேலே வந்த தொகையுடன் கூட்டினால் நிலையான செலவு ஆண்டுக்கு 11.80 லட்சம்.

ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டீசல் 5 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் வீதம் 460 ரூபாய். டயர், சர்வீஸ், பழுதுக்கு 100 ரூபாய். ஆக 560 ரூபாய். வெளியில் ஓட்டுநரும் டீசலும் சேர்த்து மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்றால், சொந்த இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 640 ரூபாய் மிச்சம்.

11.80 லட்சத்தை 640-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 1,844 மணி நேரம். இதற்குக் கீழே ஓடினால் வாடகை லாபம், மேலே ஓடினால் சொந்தமாக வாங்குவது லாபம். நாட்காட்டி தந்த 1,400 மணி நேரத்தை இங்கே பொருத்தினால், வாடகைக்கு 16.80 லட்சம், சொந்தத்துக்கு 19.64 லட்சம். மாலை போட்ட மகிழ்ச்சிக்கு ஆண்டுக்கு 2.84 லட்சம் கொடுக்கிறோம். அதே இயந்திரம் 2,200 மணி நேரம் ஓடினால் வாடகை 26.40 லட்சம், சொந்தம் 24.12 லட்சம். அப்போது வாங்குவதே சரி.

முடிவை இந்த ஒரு எண்ணிடம் மட்டும் விட்டுவிட வேண்டாம். எல்லாச் சைட்டிலும் வேலை மும்முரமாக நடக்கும் மார்ச், ஏப்ரலில் வாடகை இயந்திரம் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. ஒரு நாள் தாமதத்தால் இருபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் செலவு. மாறாக, நம் வேலை இல்லாத நாட்களில் வெளியில் வாடகைக்கு விட ஆளும் பழக்கமும் இருந்தால் மணி நேரம் கூடும். இவற்றைக் குறிப்பாக எழுதுங்கள். ஆனால் கணக்கு போட்ட பிறகு எழுதுங்கள். கணக்குக்கு முன்னால் எழுதினால், வாங்க ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவருக்கு அவை சாக்காகிவிடும்.

போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று பார்ப்பது எளிது; முதலாளிகளுக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் பணம் திரும்பிய பிறகு என்ன வரும் என்பதை அது பார்க்காது. முதல் சல்லடையாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

4. வரி எங்கெல்லாம் புகுகிறது

ஜேசிபிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 32 லட்சத்துக்கு 5.76 லட்சம். உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்கிற ஒப்பந்ததாரருக்கு அது செலவல்ல. ஆனால் வாங்குகிற அன்று கையிலிருந்து போய், பிறகு வரும் பில்களின் வரியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். அந்த மாதத்துப் பணப்புழக்கத்தில் 5.76 லட்சம் குறைவதை மறக்காதீர்கள். வரவு எடுத்துக்கொண்டால், அந்த வரித் தொகைக்குத் தேய்மானம் (பொருளின் மதிப்பு குறைவதை ஆண்டுதோறும் செலவாகக் கழிப்பது) கோர முடியாது.

வீடு கட்டி விற்கிற நிறுவனங்களின் குடியிருப்புத் திட்டங்களில் நிலைமை வேறு. 2019 ஏப்ரல் 1 முதல் அவற்றுக்கு 5 சதவீதம், மலிவு விலை வீடுகளுக்கு 1 சதவீதம் என்ற குறைந்த வரி வந்தது. பதிலாக உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது. அங்கே 5.76 லட்சமும் செலவுதான். ஆனால் வாடகை பில்லில் உள்ள ஜிஎஸ்டியும் அப்படியே செலவாகும். ஆகவே இரண்டு பக்கமும் வரியைச் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் தராசு சாய்ந்துவிடும். இந்தத் தவறை அனுபவம் உள்ளவர்களே செய்து பார்த்திருக்கிறேன்.

வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம், குறைந்துவரும் மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம். முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான், அதாவது 7.5 சதவீதம். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3-ஐ ஒட்டி அந்த எல்லை வருகிறது. ஆயுத பூஜை 2023-இல் அக்டோபர் 23. 2024-இல் அக்டோபர் 11. பூஜையன்று சாவி வாங்கினால் நல்லது என்று காத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டும் பாதித் தேய்மானம்தான். எப்படியும் வாங்கப் போகிறோம், வேலையும் தயாராக இருக்கிறது என்றால் செப்டம்பரிலேயே வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டு, பூஜையைப் பூஜையன்றே போடலாம். வாங்கி யார்டில் நிறுத்தினால் போதாது. பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்களின் ஏடுகளுக்கு வேறு கணக்கு. 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மண்வேலை இயந்திரங்களுக்கு 9 ஆண்டு, கான்கிரீட் மற்றும் சாலைபோடும் இயந்திரங்களுக்கு 12 ஆண்டு என்று ஆயுள் சொல்கிறது. இரண்டு தேய்மானக் கணக்கையும் கலக்க வேண்டாம்.

5. பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது

மற்றத் தொழில்களில் இல்லாத சிக்கல் ஒன்று கட்டுமானத்தில் உண்டு. டெண்டர் போட முன்வைப்புத் தொகை வேண்டும். வேலை கிடைத்தால் பிணைத் தொகை அல்லது வங்கி உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதத்துக்கு வங்கி ஒரு பங்கைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதி பிடித்தம். அது குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது கட்டியதில் குறை தெரிந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம், முடிந்தால்தான் வரும். செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறிய வேலைக்குப் பணம் வருவதற்கும் மாதங்கள் ஆகலாம். லாபக் கணக்கில் பணக்காரராகத் தெரிகிற நிறுவனம் வங்கிக் கணக்கில் ஏழையாக இருப்பது இதனால்தான்.

நான் இருந்த ஒரு நிறுவனத்தில் நடந்தது இது. இரண்டு டிப்பர்களுக்கு முன்பணத்தைக் கட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் அந்த டிப்பர்களுக்கே வேலை தரக்கூடிய சாலை டெண்டர் வந்தது. முன்வைப்புத் தொகைக்குப் பணம் இல்லை. வண்டிகள் வந்தன, வேலை போனது. அன்றிலிருந்து எந்த மூலதன முன்மொழிவையும் அடுத்த 12 மாதப் பணவரவு அட்டவணைக்குள் வைத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. அந்த அட்டவணையில் பில் வரவை ஒப்பந்தத்தில் உள்ள தேதியில் போடாதீர்கள். வேலை கொடுத்த துறை இதுவரை எத்தனை நாளில் பணம் தந்திருக்கிறதோ அந்தத் தேதியில் போடுங்கள்.

இயந்திரத்தை ஓவர்டிராஃப்டில் வாங்கக் கூடாது. ஓவர்டிராஃப்ட் என்பது சிமெண்ட், கம்பி, கூலிக்கான பணம். அதை 5 ஆண்டு உழைக்கிற பொருளில் முடக்கினால், மூன்றாவது மாதம் சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் திண்டாட வேண்டிவரும். தவணைக்கடன் எடுங்கள், அதன் காலம் இயந்திரத்துக்கு உறுதியான வேலை உள்ள காலத்தைத் தாண்டி வெகுதூரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய பொதுப்பணித் துறை போன்ற சில அமைப்புகளின் ஒப்பந்தங்களில் வேலை தொடங்கவும் இயந்திரங்களுக்கும் முன்பணம் தருகிற பிரிவுகள் இருக்கின்றன. அதுவும் கடன்தான், பில்களில் கழித்துக்கொள்வார்கள்.

6. ஒரு பக்க முன்மொழிவு

எதை வாங்கக் கேட்டாலும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: என்ன பொருள், எந்தச் சைட்டுக்கு, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும், முழு அடக்கவிலை, பணம் எங்கிருந்து, மறுவிற்பனை எவ்வளவு, யார் பொறுப்பு. மணி நேரத்தைச் சொன்னவரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். இது ஆளைப் பிடிப்பதற்காக அல்ல. கையெழுத்துப் போடும்போது மனிதர் எண்ணைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார், அந்தக் குறைவு பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும்.

முழு அடக்கவிலை என்பதில் பலர் வழுக்குகிறார்கள். கலவை நிலையத்தின் விலையை மட்டும் எழுதுவார்கள். அதற்கு அடித்தளக் கான்கிரீட், சிமெண்ட் சைலோ, உயர் அழுத்த மின் இணைப்பு, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் தடுப்பறைகள், லாரி வந்துபோகத் தளம், எடைக் கருவியைச் சரிபார்க்கும் செலவு எல்லாம் உண்டு. டவர் கிரேன் என்றால் வேலை முடிந்ததும் கழற்றி இறக்கும் செலவையும் இன்றே எழுத வேண்டும்.

கேட்பது அதிகம், பணம் குறைவு என்பது எப்போதும் உள்ளது. பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் கட்டாயமானவை முதலில். தேய்ந்த இயந்திரத்துக்கு மாற்று அடுத்து. விரிவாக்கம் கடைசியில். சக்கரம் பொருத்திய கட்டுமான வாகனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் ஐந்தாம் கட்ட மாசு விதிகள் வந்திருக்கின்றன. பழைய இயந்திரத்தை மலிவாக வாங்க நினைத்தால், நீங்கள் போடப்போகிற டெண்டர் எந்த ஆண்டுக்குப் பிந்தைய இயந்திரம் கேட்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பட்ஜெட்டில் பெயர் ஏறிவிட்டதால் வாங்க அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள் அல்ல. பட்ஜெட் ஏப்ரலில் போட்டது. வாங்கப் போவது நவம்பரில். அதற்குள் அந்தச் சைட்டே நின்றுபோயிருக்கலாம். வாங்கும் நேரத்தில் இன்னொரு முறை ஒப்புதல் வேண்டும்.

7. செலவைக் கட்டுக்குள் வைப்பது

புதியவர்கள் பட்ஜெட்டையும் கொடுத்த பணத்தையும் மட்டும் ஒப்பிடுவார்கள். அது போதாது. உதாரணமாக, கலவை நிலையத்துக்கு 60 லட்சம் ஒப்புதல். இதுவரை கொடுத்தது 30 லட்சம். பாதிதானே என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் கொள்முதல் ஆணைகள் 48 லட்சத்துக்குப் போயிருக்கின்றன. மின் இணைப்பும் தளமும் இனிமேல்தான், அதற்கு 16 லட்சம். மொத்தம் 64 லட்சத்தில் முடியும். 4 லட்சம் மீறப் போவது, பாதிப் பணம் கொடுத்திருக்கும் இன்றே தெரிகிறது. ஒப்புதல், ஆணையிட்டது, கொடுத்தது, இனி ஆணையிட வேண்டியது, முடிவில் ஆகப்போவது என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட தாளை மாதம் ஒருமுறை நிரப்புங்கள். மீறினால் மேல் ஒப்புதல் வாங்கிய பிறகே அடுத்த ஆணை.

வாங்கிய பின் வரும் கட்டுப்பாட்டுக்கு என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது உள்வாடகை. ஒவ்வொரு சைட்டும் தான் வைத்திருக்கிற இயந்திரத்துக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், நாள் வாடகையைத் தன் செலவில் ஏற்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும்வரை எந்தப் பொறியாளரும் “இருக்கட்டும் சார், நாளைக்குத் தேவைப்படும்” என்றுதான் சொல்வார். வாடகை ஏறத் தொடங்கிய மாதமே, யார்டுக்குத் திருப்பி அனுப்ப லாரி கேட்டுத் தொலைபேசி வரும்.

சென்ட்ரிங் தகடும் ஜாக்கியும் வேறு வகைத் தலைவலி. இயந்திரம் காணாமல் போகாது, இவை போகும். 300 தகடு ஏற்றிவிட்டால் 260 திரும்பும். நடுவில் இருக்கிற 40 எங்கே என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். நிறுவனத்தின் நிறத்தில் ஒரு பட்டை அடித்து வையுங்கள்.

இயந்திரத்தின் மணிமானியை மாதக் கடைசி நாளில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாதம் போட்ட டீசலை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 5 லிட்டர் குடித்த இயந்திரம் திடீரென 7 குடித்தால், என்ஜினைப் பார்க்க வேண்டும் அல்லது டீசல் கேனைப் பார்க்க வேண்டும். ஓராண்டு முடிந்ததும் பழைய ஒரு பக்க முன்மொழிவை வெளியே எடுத்து, கையெழுத்திட்ட மணி நேரத்துக்குப் பக்கத்தில் மணிமானி காட்டும் எண்ணை எழுதுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் அந்த இயந்திரத்தை வெளியில் வாடகைக்கு விடுவதா, விற்பதா என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். விற்பது என்றானால், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றை வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விற்பனையின் மேலும் ஜிஎஸ்டி வரும். உள்ளீட்டு வரி வரவு எடுத்த இயந்திரத்துக்கு அதன் கணக்கு வேறு என்பதால், விலை பேசுவதற்கு முன் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.